மும்பையில் வீட்டு லினக்ஸ்: தினசரிச் செயலிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சயான், செம்பூர், தாராவி, முலுந்து, டோம்பிவிலி என்று நம்மவர்கள் இருக்கும் பக்கங்களில் பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்ட வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து, "அண்ணா, அதில் வேர்ட் இருக்குமா?", "வாட்ஸ்அப் வருமா?" என்று கேட்காத ஆளில்லை. ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது. இருக்கிற செயலிகள் அத்தனையையும் அடுக்கப்போவதில்லை. வீட்டில் நாள்தோறும் திறக்கப்படுபவை, பிறருக்குப் போட்டுக் கொடுத்த பிறகு புகார் வராதவை, அவ்வளவுதான். வழிமுறை சொல்லும் இடங்களில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் சினமன் பதிப்பை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். உபுண்டு என்ற இன்னொரு வகையில் இருப்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

லினக்ஸுக்கு மாறியதும் முதலில் எந்தச் செயலியை நிறுவ வேண்டும்?

மாறுவதற்கு முன்பே நிறுவுங்கள், இப்போது இருக்கும் விண்டோஸிலேயே. ஃபயர்ஃபாக்ஸ் (உலாவி), தண்டர்பேர்ட் (மெயில்), லிப்ரே ஆபீஸ் (வேர்ட், எக்செல் வேலைகளுக்கு), விஎல்சி (வீடியோ), கிம்ப் (படம் திருத்த), காலிபர் (மின்நூல்), கீபாஸ்எக்ஸ்சி (கடவுச்சொல்) எல்லாமே விண்டோஸுக்கும் கிடைக்கின்றன. ஒரு மாதம் இவற்றை மட்டும் வைத்து வேலையைப் பாருங்கள். வேர்டைத் திறக்கக் கை போனால் லிப்ரே ஆபீஸைத் திறங்கள். எது ஒத்துவருகிறது, எது எரிச்சலூட்டுகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். பிறகு லினக்ஸ் போடுகிற அன்று மாறுவது கீழே இருக்கும் இயங்குதளம் மட்டுமே. கை தேடும் பொத்தான்கள் பழகிய இடத்திலேயே இருக்கும்.

லினக்ஸ் போட்ட வாரத்திலேயே பயந்துபோய் விண்டோஸுக்குத் திரும்பியவர்களிடம் பேசினால், பெரும்பாலும் ஒரே நாளில் எல்லாமே புதிதாகிவிட்டதுதான் காரணமாக இருக்கும். உலாவி புதிது, மெயில் புதிது, எழுதுகிற செயலி புதிது, ஃபோல்டர் இருக்கும் இடமும் புதிது என்றால் யாருக்கும் தலை சுற்றும். கீழே வரும் பதில்களில் பாதி, இந்த ஒரு மாதத்தில் நீங்களே செய்து பார்க்கக்கூடியவை.

எங்கள் மடிக்கணினி பழையது. தாங்குமா?

லினக்ஸ் மின்ட் கேட்பது குறைந்தது 2 ஜிபி ரேம், சௌகரியமாக ஓட 4 ஜிபி. வட்டில் 20 ஜிபி இடம், சௌகரியத்துக்கு 100 ஜிபி. நடைமுறையில் 4 ஜிபியில் உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்தாலே மூச்சு வாங்கும். 8 ஜிபி இருந்தால் கவலையில்லை. விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியும் இல்லையென்று ஒதுக்கப்பட்ட கணினிகள் பலவும் இதற்குத் தாராளம்.

ரேமைவிட முதலில் மாற்ற வேண்டியது சுழலும் ஹார்ட் டிஸ்க்கை. அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டைப் போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லேமிங்டன் ரோட்டுக்குப் போவதாக இருந்தால், மடிக்கணினியின் பின் மூடியைக் கழற்றி ரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3 வேண்டுமா டிடிஆர்4 வேண்டுமா என்று கடை வாசலில் நின்று யோசித்தால், எது கையிருப்பில் இருக்கிறதோ அதைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

தமிழில் எப்படித் தட்டச்சு செய்வது? விண்டோஸில் பழகிய என்.எச்.எம். ரைட்டரும் அழகியும் இல்லையே?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது ஐபஸ் என்கிற உள்ளீட்டுக் கருவி. அதற்குத் தமிழ் விசைப்பலகைகளைத் தருவது எம்17என் என்ற தொகுப்பு. மின்ட்டில் செயலிகளை நிறுவும் இடமான சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ்-எம்17என்' (ibus-m17n) தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். அடுத்து 'இன்புட் மெத்தட்' அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். இந்த லாக் அவுட்டைத் தவிர்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் "வரவில்லை" என்கிறார்கள். அப்புறம் ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட், இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் என்று பட்டியல் வரும். விண்டோஸ் சின்னம் போட்ட விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறி மாறிப் போகலாம்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. கணினியின் சாதாரண விசைப்பலகை அமைப்பிலும் தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கும். அது வேறு. தமிழ்99 முறையின் அழகே புள்ளி தானாக வைத்துக்கொள்வதுதான். 'அம்மா' என்று வர அ, ம, ம, ஆ என நான்கு தட்டல் போதும்; இரண்டாவது ம வந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். முன்னால் என்ன எழுத்து வந்தது என்று பார்த்து முடிவு செய்யும் திறமை அந்தச் சாதாரண அமைப்புக்குக் கிடையாது. ஆகவே எம்17என் என்று போட்டிருக்கும் தமிழ்99-ஐயே எடுங்கள்.

எந்த முறை நல்லது? ஏற்கெனவே ஒன்று கையில் படிந்திருந்தால் அதையே தொடருங்கள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த பெரியவர்களுக்கு டைப்ரைட்டர் முறை. ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' அடித்துப் பழகியவர்களுக்கு ஃபொனெட்டிக். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு மட்டும் நான் விடாப்பிடியாகத் தமிழ்99-ஐச் சொல்வேன். சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற முறை அது. ஒரு வாரம் கை தடுமாறும், பிறகு வேகம் பிடிக்கும்.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் மராத்தியும் இந்தியும் உண்டே?

அதே ஐபஸில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே விசைச் சேர்க்கையில் நான்கு மொழியும் சுற்றி வரும். நான்கையும் எந்நேரமும் வைத்திருந்தால் நடுவில் எது வந்தது என்று தெரியாமல் போகும். பிள்ளைகளுக்குத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கி, தேவையானதை மட்டும் அதில் வையுங்கள்.

வேர்ட், எக்செல் கோப்புகள் லிப்ரே ஆபீஸில் சரியாகத் திறக்குமா?

கடிதம், விண்ணப்பம், பள்ளி புராஜெக்ட், சொசைட்டி மெயின்டெனன்ஸ் கணக்கு இவையெல்லாம் திறக்கும். திரும்ப வேர்ட் வடிவிலேயே சேமித்து அனுப்பலாம். சிக்கல் வருவது மூன்று இடங்களில்: மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) எழுதிய எக்செல் கோப்பு, பெட்டிகளையும் படங்களையும் தாறுமாறாக அடுக்கிய வேர்ட் பக்கம், நம்மிடம் இல்லாத எழுத்துரு. முதலாவதற்கு நல்ல வழி இல்லை. அத்தகைய கோப்பை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர் விண்டோஸை வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டாவதற்கு, அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை உண்டு. அதைச் செய்யாவிட்டால் கடைசிவரை எரிச்சல்தான். கருவிகள் மெனுவில் விருப்பங்கள், அதில் மொழி அமைப்புகள் போய், சிக்கலான உரை அமைப்பு என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகுதான் ரைட்டரின் (லிப்ரே ஆபீஸில் வேர்டுக்கு இணையானது) விருப்பங்களில் இந்த வகை மொழிகளுக்கான அடிப்படை எழுத்துரு என்று தனிப் பக்கம் முளைக்கும். லிப்ரே ஆபீஸ் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவையும் அளவையும், தமிழுக்கு வேறொன்றையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்கிறது. "ஆங்கிலம் பெரிதாகிறது, தமிழ் அப்படியே நிற்கிறது" என்ற புகாருக்கு இதுதான் காரணம். அந்தப் பக்கத்தில் நோட்டோ செரிஃப் டமில் எழுத்துருவை 12 அளவில் வைத்துவிட்டால் அடுத்து திறக்கும் ஒவ்வொரு புதுக் கோப்பும் ஒழுங்காக வரும். திரையில் படிக்க நோட்டோ சான்ஸ், அச்சுக்குச் செரிஃப் என்பது என் வழக்கம். மீரா இனிமை எழுத்துருவும் கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

உங்கள் கோப்பு மற்றவர் கணினியிலும் அதே எழுத்துருவில் தெரிய வேண்டுமானால், கோப்பின் பண்புகளில் எழுத்துரு என்ற பக்கத்தில் எழுத்துருவைக் கோப்போடு சேர்த்துவிடும் வசதி இருக்கிறது. கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.

ஓப்பன் ஆபீஸ் என்ற பெயர் கேட்டவர்களுக்கு: சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய 2010-ஆம் ஆண்டிலேயே அதிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான் லிப்ரே ஆபீஸ். இன்று நிறுவ வேண்டியது பின்னதைத்தான்.

அப்பா எழுதிய பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருந்தார்கள். பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக இருந்தால் அதுதான் 'தமிழ்'. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் அப்படியே தெரிகிறது. விண்டோஸிலும் இதே கதைதான்.

உடனே படிக்க வேண்டுமானால், அந்த எழுத்துருக் கோப்பைத் தேடி வீட்டுக் கோப்புறையில் இருக்கும் எழுத்துரு ஃபோல்டரில் போட்டால் போதும். நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் இணையத்தில் கிடைக்கும் எழுத்துருமாற்றிகளில் ஒட்டி, இன்று எல்லாக் கணினிகளும் படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாகி உளறும். அவற்றை மட்டும் கையால் திருத்த வேண்டும். குடும்ப வரலாறு, கோயில் கணக்கு, பழைய கடிதங்கள் என்று வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த எழுத்துருக்களை வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

உலாவியில் எது? வங்கி, வருமான வரித் தளங்கள் வேலை செய்யுமா?

ஃபயர்ஃபாக்ஸ். மின்ட்டில் கூடவே வருகிறது, மெனுக்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சி இதில் முழு வலுவோடு ஓடுகிறது. குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றிய பிறகு அங்கே அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. படம் பார்க்கும் தளங்கள் காசு கட்டியும் ஓட மறுத்தால், ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் டிஆர்எம் (நகலெடுக்க முடியாதபடி பூட்டிய) உள்ளடக்கத்தை அனுமதியுங்கள்.

வங்கித் தளங்களும் வருமான வரிக் கணக்கை நேரடியாகத் தளத்திலேயே நிரப்புவதும் பிரச்சினையில்லை. தகராறு செய்வது யூஎஸ்பி டோக்கனில் வரும் டிஜிட்டல் கையெழுத்து. சிறு தொழில் செய்கிறவர்கள், ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறவர்கள் அதை முதலில் சோதித்துவிட்டு மாறுங்கள்.

வாட்ஸ்அப், ஜூம்?

வாட்ஸ்அப்புக்கு லினக்ஸில் அதிகாரப்பூர்வச் செயலி இல்லை. வாட்ஸ்அப் வெப் போதும். மின்ட்டில் 'வெப் ஆப்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதில் அந்த முகவரியைக் கொடுத்தால் மெனுவில் தனிச் சின்னத்தோடு தனி ஜன்னலாகத் திறக்கும். டெலிகிராம், சிக்னல், ஜூம் மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. அவற்றில் ஜூம் திறமூலம் (மூல நிரலை எல்லோரும் பார்க்கக்கூடியது) இல்லை. மகன் அமெரிக்காவில் இருந்தால் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நிறுவிக்கொள்ளுங்கள்.

ஃபோனில் எடுத்த படங்களைக் கணினிக்கு அனுப்ப ஒவ்வொரு முறையும் கேபிள் வேண்டுமா?

வேண்டாம். கேடிஇ கனெக்ட் என்ற செயலியைக் கணினியிலும் ஆண்ட்ராய்டு ஃபோனிலும் நிறுவி, இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கும்போது ஒருமுறை இணைத்துவிடுங்கள். அதன் பிறகு ஃபோனில் படத்தைத் தேர்ந்து 'ஷேர்' அழுத்தினால் கணினியின் பெயரும் பட்டியலில் வரும். ஃபோனில் காப்பி செய்த ஓடிபியைக் கணினியில் ஒட்டலாம். ஃபோன் எங்கே கிடக்கிறது என்று தெரியாவிட்டால் கணினியிலிருந்து அலற வைக்கலாம்; எங்கள் வீட்டில் இதற்குத்தான் அதிகம் பயன்படுகிறது. இணைய மறுத்தால், வெளித் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் 1714 முதல் 1764 வரை உள்ள போர்ட்டுகளைத் திறந்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே படம் அனுப்பித் தரத்தைக் கெடுத்துக்கொள்ளும் பழக்கம் இதோடு ஒழியும்.

பாட்டு, படம், பஜனை ரெக்கார்டிங்குக்கு என்ன?

பார்க்க விஎல்சி. 1996-இல் பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் வளாக வலையமைப்பில் வீடியோ பார்க்கத் தொடங்கிய திட்டம் அது. மாணவர்கள் சேர்த்து வைத்திருந்த சாலைக் கூம்புதான் அந்த ஆரஞ்சுச் சின்னம். திறக்காத கோப்பு அபூர்வம்.

பதிவு செய்ய ஆடாசிட்டி. மாதுங்கா, செம்பூர்ப் பக்கம் வீட்டில் பஜனையோ குழந்தைகளின் பாட்டு வகுப்போ பதிவு செய்கிறவர்களுக்கு முதல் எதிரி மின்விசிறி. மே மாதத்தில் மும்பையில் அதை நிறுத்திவிட்டுப் பாடு என்று யாரிடமும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி: பாடத் தொடங்கும் முன் ஐந்தாறு விநாடி யாரும் பேசாமல், விசிறிச் சத்தத்தை மட்டும் பதிவாக விடுங்கள். பிறகு அந்தத் துண்டை மட்டும் தேர்ந்து, இரைச்சல் குறைப்பு என்ற விளைவில் 'இரைச்சல் மாதிரியை எடு' என்பதை அழுத்துங்கள். அடுத்து பதிவு முழுவதையும் தேர்ந்து அதே விளைவைச் செலுத்துங்கள். விசிறி பெருமளவு அடங்கிவிடும். ஆசை மிகுதியில் அளவை ஏற்றினால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். 12 டெசிபல் அளவில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஏற்றுங்கள். தம்புராவோ ஸ்ருதிப் பெட்டியோ அந்த மௌனத் துண்டில் ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் அதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு பாட்டிலிருந்து உருவிவிடும்.

ஆண்டுவிழா வீடியோவை வெட்டி ஒட்ட கேடென்லைவ்.

ஃபோட்டோஷாப்பும் கோரல் டிராவும் இல்லாமல் பத்திரிகை அடிக்க முடியுமா?

படத்தைத் திருத்த கிம்ப். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், செய்த மாற்றத்தைப் பின்னால் மறுபடி திருத்தும் வசதி வந்துவிட்டது, அது இல்லாததுதான் பழைய பெரும் குறை. கோடு, வடிவம், லோகோ, பேனர் வேலைக்கு இங்க்ஸ்கேப். யூனிகோடு தமிழ் இரண்டிலும் ஒழுங்காக விழும். கொம்பும் காலும் பிரிந்து நிற்காது. பல பக்க மலருக்கு ஸ்கிரைபஸ், ஆனால் 1.6-ஐ எடுங்கள். பழைய 1.4-இல் தமிழ் உடைந்துதான் வரும்.

கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பு இவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுக்கு இங்க்ஸ்கேப் ஒன்றே போதும். அச்சகத்துக்குக் கொடுப்பதானால் எழுத்துகளைப் பாதைகளாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். இல்லையென்றால் அவர்கள் கணினியில் எழுத்துரு மாறி, மாப்பிள்ளை பெயரே மாறிவிடும். இதையே தொழிலாகச் செய்து, அச்சகத்தோடு கோரல் கோப்பாகவே கொடுத்து வாங்குகிறவர்களுக்கு நான் லினக்ஸைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பிடிஎஃப் வேலைகளுக்கும் ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக்கவும் எது நல்லது?

படிக்க மின்ட்டோடு வரும் வாசிப்பானே போதும். படிவம் நிரப்ப ஆக்குலர். பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க, திருப்ப பிடிஎஃப் அரேஞ்சர். பக்கத்தின் மேல் கையெழுத்துப் படத்தை ஒட்ட ஸோர்னல்++. சில படிவங்கள் திறந்ததும் "காத்திருக்கவும்" என்று ஆங்கிலத்தில் சில வரிகளைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அவை அடோபியின் வாசிப்பானுக்கென்றே செய்த தனி வகை, காத்திருந்து பயனில்லை.

எழுத்தாக்கும் இயந்திரம் டெசராக்ட். ஹெச்பி ஆய்வகத்தில் 1985 முதல் 1994 வரை உருவாகி, 2005-இல் திறமூலமாக வெளியானது. அடுத்த ஆண்டிலிருந்து கூகுள் அதை வளர்த்தது. தமிழுக்கான தரவுத் தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். கட்டளை அடிக்கப் பிடிக்காதவர்கள் ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். 300 டிபிஐயில் நேராக ஸ்கேன் செய்த புதிய அச்சு நன்றாகவே வரும். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய புத்தகங்களில் துதிக்கை போட்ட ணை, லை, னை எல்லாம் இருக்கும், அங்கே கண்டபடி தடுக்கும். தாத்தாவின் கையெழுத்தை எழுத்தாக்கித் தா என்று மட்டும் கேட்காதீர்கள்.

தமிழ்ப் புத்தகம் படிக்க?

காலிபர். இந்தியரான கோவிட் கோயல் தன்னிடமிருந்த சோனி வாசிப்புக் கருவிக்காக 2006-இல் எழுதத் தொடங்கியது. நூலக அட்டவணை, வடிவ மாற்றம், கிண்டிலுக்கு ஏற்றுவது எல்லாம் ஒரே இடத்தில். முகப்பு கொஞ்சம் நெரிசல்தான். சும்மா திறந்து படிக்க மட்டும் வேண்டுமென்றால் ஃபோலியேட் போதும். புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து எவ்வளவோ கிடக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இக்கால எழுத்தும் காப்புரிமைச் சிக்கலில்லாமல் கிடைக்கிறது.

வீட்டுக் கணக்கு, கடைக் கணக்கு?

வரவு செலவு மட்டும் என்றால் ஹோம்பேங்க். இரட்டைப் பதிவு முறை தெரிந்தவர்களுக்கு, அல்லது காமர்ஸ் படிக்கும் பெண்ணோ பையனோ வீட்டில் இருந்தால், க்னூகேஷ். ரூபாயில் நன்றாக ஓடும். டேலி விண்டோஸுக்கென எழுதப்பட்டது. ஜிஎஸ்டி பில் போடும் கடையில் அதை மாற்றச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தியதில்லை. ஆடிட்டர் கேட்பது டேலி கோப்பைத்தான்.

ஒரே செயலி இரண்டு தடவை காட்டுகிறதே, ஃபிளாட்பேக் என்றால் என்ன?

சாஃப்ட்வேர் மேனேஜரில் 'சிஸ்டம் பேக்கேஜ்' என்று இருப்பது உங்கள் லினக்ஸ் பதிப்போடு ஒட்டிச் சோதிக்கப்பட்டது. அளவில் சிறியது, கொஞ்சம் பழைய பதிப்பாக இருக்கலாம். ஃபிளாட்பேக் என்பது தனக்கு வேண்டியதையெல்லாம் கூடவே கட்டிக்கொண்டு வருவது. புதிய பதிப்பு கிடைக்கும், இடம் அதிகம் பிடிக்கும், முதல் ஒன்றை நிறுவும்போது ஜிபி கணக்கில் இறங்கும். நான் முதலில் சிஸ்டம் பேக்கேஜையே எடுப்பேன். கிம்ப், கேடென்லைவ் மாதிரி புதிய வசதி வேண்டிய சிலவற்றுக்கு மட்டும் ஃபிளாட்பேக். அதில் நிறுவிய ஒரு செயலியில் மட்டும் தமிழ்த் தட்டச்சு வரவில்லையென்றால், அதே செயலியின் சிஸ்டம் பேக்கேஜைப் போட்டுப் பாருங்கள்.

கூகுளில் தேடிக் கிடைத்த ஏதோ தளத்திலிருந்து இறக்கி நிறுவும் விண்டோஸ் பழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள்.

ஆன்டிவைரஸ்?

வீட்டுக்குத் தேவையில்லை. "உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழைக்கவும்" என்று உலாவியில் வரும் மிரட்டலுக்கு லினக்ஸிலும் மருந்து ஜன்னலை மூடுவதுதான்.

டைம்ஷிஃப்ட் போட்டிருக்கிறேன். என் படங்களெல்லாம் பத்திரம்தானே?

இல்லை! டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை. அப்டேட் ஏதாவது சொதப்பினால் நேற்றைய நிலைக்குத் திரும்ப உதவும். உங்கள் வீட்டுக் கோப்புறையை அது இயல்பாகவே விட்டுவிடும். கல்யாணப் படமும் பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேனும் அதில் இருக்காது. அதற்கு டேஜா டூப் போன்ற வேறொன்று வேண்டும்: வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, எந்த ஃபோல்டர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சொல்லிவிட்டால் போதும். அந்த வட்டை எப்போதும் செருகியே வைத்திருக்காதீர்கள். மழைக்காலத்தில் கரன்ட் போய் வரும் வேகத்தில் கணினியும் வட்டும் ஒன்றாகப் போய்விடக்கூடும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் அதைப் பரணில் வையுங்கள். 2005 ஜூலை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடவுச்சொற்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி. ஒரே கோப்பு, ஒரே தலைமைச் சொல். அந்தக் கோப்பையும் மேலே சொன்ன வட்டில் சேருங்கள். தலைமைச் சொல்லை மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது, எழுதி பீரோவில் வையுங்கள்.

இவற்றைத் தமிழில் சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா?

நம் பவாயிலேயே இருக்கிறார்கள். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப், லினக்ஸ் அடிப்படை என்று பலவற்றுக்கும் சுமார் பத்து நிமிடக் காணொலிகள் உண்டு, தமிழ்க் குரலிலும். திரையில் பழைய பதிப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மெனுக்கள் பெரிதாக மாறிவிடவில்லை. ஒரு பக்கம் காணொலி, மறு பக்கம் செயலி என்று வைத்து நிறுத்தி நிறுத்திச் செய்து பாருங்கள். எழுத்தில் படிக்க விரும்புகிறவர்களுக்குக் கணியம் இணைய இதழ் 2012-லிருந்து வருகிறது.

பிரிண்டர் வேலை செய்யுமா?

கடந்த சில ஆண்டுகளில் வந்த வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலேயே தானாகத் தெரியும். ஹெச்பிக்குத் தனித் தொகுப்பு உண்டு. நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் உழைக்கும் பழைய லேசர் மாடல்கள் சில, யாகம் வளர்த்தால்தான் அசையும். வாங்குவதற்கு முன்னால் பென் டிரைவில் மின்ட்டை நேரடியாக ஓட்டும் வடிவில் எடுத்துக்கொண்டு போய்க் கடையிலேயே ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். லேமிங்டன் ரோட்டில் இப்படிக் கேட்டால் யாரும் வினோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் இன்னும் எதற்காவது விண்டோஸுக்குப் போகிறீர்களா?

போகிறேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும், ஒரு நண்பரின் கடைக்கு டேலி பார்க்க வேண்டி வரும்போதும். அதற்காக எஸ்எஸ்டியில் 80 ஜிபி ஒதுக்கி விண்டோஸை அப்படியே விட்டிருக்கிறேன். கணினி தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். நீங்களும் முதலில் இப்படி இரண்டையும் வைத்தே தொடங்குங்கள். வரிசை முக்கியம்: கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, விண்டோஸிலேயே அதன் பகுதியைச் சுருக்கி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிட்டு, அப்புறம் லினக்ஸை நிறுவுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது. லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாது. டிஸ்க்கில் விண்டோஸின் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.